நிமிடத்துக்கு அறுபது மிதி

முஸ்தாக் பெரிய வீரன் ஒன்றும் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஒருவனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஒன்று தலையில் தூக்கி வைப்பார்கள், இல்லாவிட்டால் காலில் போட்டு மிதிப்பார்கள். அவன் இரண்டுக்கும் ஆள் இல்லை. சாய்ந்தமருதுக்காரன், வயது முப்பத்தொன்பது, நாவிதன்வெளிப் பக்கம் ஒரு மருந்தகத்தில் மருந்து கொடுப்பவன். காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் நாலு மணி வரை குளிசை எண்ணுவதுதான் உத்தியோகம். தட்டில் கொட்டி ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவான். நடுவில் யாராவது ஸலாம் சொன்னால் பதில் சொல்லிவிட்டு முதலிலிருந்து எண்ணுவான். வரிசையில் நிற்கிற கிழவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் அவன் கொடுத்த உறையில் ஒரு குளிசை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

நான் பவிதரன். வீடு பாண்டிருப்பில், சைக்கிள் கடை கல்முனையில். இளவயதில் மாகாண மட்டத்தில் சைக்கிள் ஓடியவன். வாய் நீளமானவன் என்று ஊரில் பெயர், அது பொய்ப் பெயரும் அல்ல. காற்றுப்போன டயரை உருட்டிக்கொண்டு வருகிறவனைப் பார்த்து நாலு வார்த்தை பகிடி விடாமல் என்னால் பம்பைக் கையில் எடுக்க முடியாது.

எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தது பெற்றோல் தட்டுப்பாடு. இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாடே வரிசையில் நின்றபோது, முஸ்தாக் தன் வாப்பாவின் துருப்பிடித்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் கடைக்கு வந்தான். அதைத் திருத்திக் கொடுத்தேன். தண்ணீருக்குக் குறுக்கே போகிற கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய்வந்தான். பெற்றோல் திரும்பி வந்தது, மற்றவர்கள் எல்லாரும் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பினார்கள். இவன் மட்டும் வந்து, “பவிதரன், இதவிட நல்லதா ஒண்டு இரிக்கா?” என்று கேட்டான். கொழும்பிலிருந்து வந்த பழைய ரேஸ் சைக்கிள் ஒன்று என்னிடம் கிடந்தது. முன்னால் ஐம்பத்து மூன்று பல்லுள்ள பெரிய சக்கரம், பின்னால் பன்னிரண்டு பல்லிலிருந்து இருபத்தைந்து பல் வரை எட்டுச் சக்கரங்கள். அதை அவனுக்குக் கொடுத்தேன்.

மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, கடல் அவனுக்கு முற்றம். ஓட்டமும் ஓரளவு வந்தது. நீந்தி, சைக்கிள் ஓடி, பிறகு காலால் ஓடுகிற ட்ரையத்லன் போட்டி ஒன்று பொத்துவிலில் நடக்கப் போகிறது என்று கேள்விப்பட்டு, அவனைப் பிடித்துத் தள்ளியது நான்தான்.

அவன் மனைவி ஹப்ஸாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. போட்டியை அல்ல, உடுப்பை. உடம்போடு ஒட்டிய அந்தக் கறுப்புக் காற்சட்டையைப் பார்த்துவிட்டு, “இஞ்சருங்க, இந்தக் கோலத்தோடயா பள்ளிவாசலுக்கு முன்னால போகப் போறீங்க?” என்று கேட்டாளாம். அதனால் அவன் அதன்மேல் சாரம் கட்டிக்கொண்டு கல்முனை வரை வருவான். என் கடையில் சாரத்தை அவிழ்த்து, மடித்து, டியூப் பெட்டிகளுக்கு நடுவே வைத்துவிட்டுப் போவான். திரும்பும்போது கட்டிக்கொண்டு போவான். கடைக்கு வருகிறவர்களிடம் அந்தச் சாரத்தைக் காட்டி நான் விட்ட பகிடிகளுக்கு அளவில்லை.

முதல் போட்டியில் அவன் ஓடி முடிக்கவில்லை. அதற்குக் காரணம் கியர்.

சைக்கிளில் ஒரே வேகத்தை இரண்டு விதமாக எடுக்கலாம். பின்னால் சின்னச் சக்கரத்தில் செயினைப் போட்டு, மெதுவாக, அழுத்தி மிதிக்கலாம். அல்லது பின்னாலேயே பெரிய சக்கரத்தில் போட்டு, இலேசாக, வேகமாக மிதிக்கலாம். பதின்மூன்று பல்லில் போட்டு நிமிடத்துக்கு அறுபது முறை மிதித்தாலும், பத்தொன்பதில் போட்டு எண்பத்தெட்டு முறை மிதித்தாலும் வேகம் ஒன்றுதான், மணிக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். வெறும் சைக்கிள் போட்டியென்றால் எப்படியாவது போய்த் தொலைக்கலாம். இதில் நாற்பது கிலோமீட்டர் மிதித்து இறங்கிய பிறகு பத்துக் கிலோமீட்டர் ஓட வேண்டும். அழுத்தி மிதித்தவனின் தொடை அங்கே கல்லாகிவிடும். முஸ்தாக் முதல் வருடம் வீரம் காட்டி அழுத்தினான். ஓட்டத்தில் ஏழாவது கிலோமீட்டரில் மடிந்து விழுந்தான்.

தண்ணீர் தெளித்து எழுப்பியவள் ஹப்ஸா. அவன் கண் திறந்ததும் என் பக்கம் திரும்பினாள். “பவிதரன் அண்ணன், இவர ஏன் இப்பிடி மாட்டக் கட்டி உழுற மாதிரி மிதிக்க விட்டீங்க?”

அன்றிலிருந்து அவளும் எங்களோடு சேர்ந்துகொண்டாள். பின்னேரங்களில் அவன் வீட்டுக்கு முன்னால் உள்ள ஒழுங்கையில் சைக்கிளில் மேலும் கீழும் ஓடுவான். அவள் வாசல் படலையில் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து, பதினைந்து விநாடியில் அவனுடைய வலது முழங்கால் எத்தனை தரம் மேலே வருகிறது என்று எண்ணுவாள். இருபத்திரண்டு வந்தால் நிமிடத்துக்கு எண்பத்தெட்டு, சரி. இருபதுக்குக் கீழே போனால் ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரி, “மாடு!” என்று கத்துவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து கத்துவார்கள். மூன்று மாதத்தில் முஸ்தாக்கின் கால் பஞ்சுபோல் சுற்றத் தொடங்கியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த வருடப் போட்டிக்கு அவன் போகவில்லை. ஹப்ஸாவின் மார்பில் கட்டி என்றார்கள். கொழும்புக்கும் சாய்ந்தமருதுக்கும் நடுவே பஸ்ஸில் போவதும் வருவதுமாக அந்த வருடம் முடிந்தது. மாரி மழையில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்த நாட்களில் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நான் பார்க்கப் போனேன். தலையணையில் சாய்ந்து இருந்தாள், பாதியாகிப் போயிருந்தாள். என்னைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்.

“அண்ணன், இவர் அடுத்த முறை ஓடி முடிக்கணும். ஹப்ஸாவாலதான் முஸ்தாக் நிண்டுட்டான் எண்டு ஊருல ஒருத்தரும் சொல்லப்படாது. நீங்கதான் பொறுப்பு.”

“ஓம் தங்கச்சி,” என்றேன். 

தை மாதம் அவள் போய்விட்டாள். மகனுக்குப் பதினொரு வயது, மகளுக்கு ஆறு.

அவள் இன்னொன்றையும் கேட்டிருக்கிறாள். அது அப்போது எனக்குத் தெரியாது. புருஷனும் பெண்சாதியும் தனியே இருந்தபோது கேட்டது. “நான் மவுத்தானா எனக்கு ஆராச்சும் எழுபதாயிரம் ஓதுவாங்களா? காக்காமார் விடமாட்டாங்களே,” என்றிருக்கிறாள். “நான் ஓதுறன்,” என்றிருக்கிறான் முஸ்தாக். “தனியாவா?” என்று கேட்டாளாம். “தனியாத்தான்.”

இறந்தவர் பேரில், அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை என்று சொல்லும் கலிமாவை எழுபதினாயிரம் முறை ஓதி, அதன் நன்மையை அவருக்குச் சேர்ப்பிக்கும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. உறவினர்கள் கூடி, ஆளுக்கு இத்தனை என்று பங்கு போட்டு, புளியங்கொட்டையை நகர்த்தி எண்ணி, ஒரு பொழுதில் முடித்துவிடுவார்கள். காக்காமார் என்று ஹப்ஸா சொன்ன அவளுடைய அண்ணன்மார் இருவரும் அதெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்ற கொள்கைக்காரர்கள். கல்மனசுக்காரர்கள் அல்ல, தங்கையின் ஜனாஸாவுக்கு முன்னால் அவர்கள் அழுத அழுகையை நான் பார்த்தேன். கொள்கை வேறு, கண்ணீர் வேறு. நான் கோயிலுக்குப் போகிறவன். யார் சரி என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

முஸ்தாக் இருப்பது ஹப்ஸாவுக்குச் சீதனமாக வந்த வீட்டில். மதிலுக்கு அந்தப் பக்கம் மூத்த அண்ணனின் வீடு. மச்சான்மார் மனம் மாறுவார்கள் என்று ஹஜ்ஜுப் பெருநாள் வரை காத்திருந்தான், மாறவில்லை. சண்டை பிடித்து ஓதுவது ஹப்ஸாவுக்குப் பிடிக்காது. வீட்டில் தனியே உட்கார்ந்து வாயசைத்தால் மகள், “என்ன வாப்பா கதைக்கிறீங்க?” என்று மடியில் ஏறிவிடுவாள். பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்த அவனுடைய தங்கை நஸ்லின் தேநீரோடு வந்து நிற்பாள். அவனுக்குத் தனிமை கிடைத்த ஒரே இடம் சைக்கிள் ஆசனம்.

பெருநாள் முடிந்த கையோடு தொடங்கினான். பின்னேரம் மருந்தகத்திலிருந்து கிட்டங்கி வரை பதினெட்டு நிமிடம். ஆள் குறைந்த வயல் பாதை, கச்சான் காற்று முதுகில். வலது கால் ஒருமுறை கீழே இறங்க ஒரு கலிமா. நூறு ஆனதும், ஓதுவதை எண்ணுவதற்காகக் கைபிடியில் ஒட்டியிருந்த சின்னத் தஸ்பீஹ் மிசினில் ஓர் அமுக்கு. எதிரே வருகிறவர் ஸலாம் சொன்னால் பதில் சொல்லிவிட்டு, அந்த நூறைத் தள்ளி மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவான். குளிசை எண்ணுகிற அதே ஆள்தானே.

எண்பத்தெட்டில் அது முடியவில்லை. நாக்கு காலைத் துரத்தியது, வார்த்தை நடுவில் அறுந்தது. அந்த வார்த்தையைப் பாதியில் அறுக்கக் கூடாது, அறுத்தால் பாவம் என்று அவனுக்குப் பயம். ஹப்ஸாவின் பேரில் அரைகுறையாக ஒன்றைச் சொல்வதா? காலை மெதுவாக்கினான். அறுபதில் ஒவ்வொரு சொல்லும் முழுதாக வந்தது. ஆனால் அறுபதில் மிதித்து வேகத்தையும் விடாமல் இருக்க வேண்டுமென்றால் பதின்மூன்று பல்லுத்தான் வழி. எனவே, நாங்கள் மூன்று பேரும் பாடுபட்டு மறக்கவைத்த அந்தக் கனமான கியருக்கே திரும்பிப் போனான்.

ஆவணி முடியும்போது எண்ணிக்கையும் முடியும் தறுவாய்க்கு வந்தது. அப்போது நிறுத்திவிட்டான். நாலாயிரத்து அறுநூற்று எழுபதை மிச்சம் வைத்தான். பதின்மூன்றில் ஒரு மிதிக்கு எட்டரை மீட்டர் சொச்சம் என்றால் நாற்பது கிலோமீட்டருக்கு அத்தனை மிதி. பொத்துவிலில் சைக்கிளை விட்டு இறங்கும்போது எழுபதினாயிரம் முடிந்திருக்க வேண்டும், பிறகு ஓடி முடிக்க வேண்டும். ஹப்ஸா கேட்ட இரண்டையும் ஒரே காலையில் கொடுத்துவிட நினைத்தான்.

இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒருநாள் அவன் என் கடைக்கு முன்னால் கனமாக, அழுத்தி அழுத்தி வந்து நின்றதுதான்.

“என்ன மச்சான், திரும்பவும் ஏரப் பூட்டிட்டாய்?” என்றேன்.

“இப்பிடித்தான் சுகமா இரிக்கி.”

“முழங்காலத் தடவிக்கிட்டே சுகம் எண்டு சொல்லாத. எண்பத்தெட்டு எங்க போச்சி?”

அவன் முழங்காலிலிருந்து கையை எடுத்துக் கைபிடியில் வைத்தான். அப்போதுதான் கைபிடியில் இருந்ததைப் பார்த்தேன். கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். ஆள் இருந்தால் எனக்கு வாய் இன்னும் நீளும். “இது என்னடா, தஸ்பீஹ் மிசினா? இதாலயா மிதி எண்ணுறாய்? உன்ட முழங்கால் கழண்டு விழக்குள்ள அதையும் மறக்காம ஒருக்கா அமுக்கிக்க.”

எல்லாரும் சிரித்தார்கள். முஸ்தாக் என்னைப் பார்த்தான், ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு பெருவிரலால் அந்த மிசினை மூடிக்கொண்டு அவனும் சிரித்தான்.

ஒவ்வொரு வாரமும் சொன்னேன். கெஞ்சினேன், ஏசினேன். “அந்தப் பிள்ள உன்ன என்ட பொறுப்புல விட்டுட்டுப் போயிருக்கா, நீ அவட பேச்சையும் கேக்கல்ல, என்ட பேச்சையும் கேக்கல்ல,” என்று ஒருநாள் கத்தியே விட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். முழங்கால் வீங்கியிருந்தது. ஓட்டப் பயிற்சியில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போக முடியவில்லை. துக்கத்தில் தன்னைத்தானே வருத்துகிறான் என்று நான் முடிவு கட்டினேன். இப்படியே விட்டால் பொத்துவிலில் மறுபடியும் ஏழாவது கிலோமீட்டரில் விழுவான். ஹப்ஸாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டுத் தொழப் போனான். துடைத்தேன், செயினுக்கு எண்ணெய் விட்டேன். பின்பக்கக் கியர் மாற்றியில் ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது. செயின் எந்தச் சக்கரத்தோடு நிற்க வேண்டும் என்பதை அதுதான் தடுத்துப் பிடிக்கும். அதைக் கழற்றிவிட்டு, நீளமான ஒன்றைப் போட்டு, இறுக்கித் திருகினேன். இனிச் செயின் பதினேழு பல்லுக்குக் கீழே இறங்காது. பதின்மூன்று என்ற பேச்சுக்கே இடமில்லை. வேகம் வேண்டுமென்றால் வேகமாக மிதித்தே ஆக வேண்டும். கால் பழசை மறக்காது, பத்து நிமிடத்தில் எண்பத்தெட்டுக்கு வந்துவிடுவான் என்று எண்ணினேன். என் கையிலிருந்து போன சைக்கிளை முஸ்தாக் ஒருநாளும் சோதித்துப் பார்த்தவன் அல்ல. அதுவும் எனக்குத் தெரியும்.

காலை ஆறரைக்குப் போட்டி தொடங்கியது. கடலில் அவனுக்கு ஒரு கரைச்சலும் இல்லை. தண்ணீரிலிருந்து வெளியே வந்து, சைக்கிளை எடுத்து, கோமாரிப் பக்கம் போகிற பாதையில் ஏறினான். ஒரு திருப்பத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக் காத்திருந்தேன். கடிகாரத்தைப் பார்த்து, அவனுடைய வலது முழங்காலை எண்ணினேன். பதினைந்து விநாடியில் இருபத்திரண்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. “தங்கச்சி, பாருங்க,” என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒருவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அவனுடைய முகத்தை நான் பார்க்கவில்லை. முழங்காலைத்தான் பார்த்தேன்.

சைக்கிளை எட்டே முக்காலுக்குள் முடித்துவிட வேண்டும், முடிக்காதவர்களை ஓட விடமாட்டார்கள். பொத்துவிலில் போய் நின்றுகொண்டேன். எட்டு மணியிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முஸ்தாக் வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. எட்டரை ஆனது. அவனைவிட வயது கூடியவர்கள் வந்தார்கள், பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். எட்டே முக்காலுக்கு விசில் ஊதினார்கள். நான் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கோமாரிப் பாதையில் விரட்டினேன்.

ஆறேழு கிலோமீட்டர் போயிருப்பேன். பிந்தியவர்களை ஏற்றுகிற லொறி பாதையோரத்தில் நின்றது. அதற்குப் பின்னால் ஒரு வேப்ப மரத்தடியில் முஸ்தாக் இருந்தான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அதன் முன்னால் குந்தியிருந்து, வலது கையால் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது.

“மச்சான், என்ன செய்றாய்?”

இடது கையின் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். பொறு என்று அர்த்தம். அந்த விரலின் நகம் பாதி பிய்ந்து, இரத்தம் காய்ந்திருந்தது.

பொறுத்தேன். ஒரு சுற்று, ஓர் உதட்டசைவு. லொறிக்காரர் ஹோன் அடித்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். மிசினை ஒருமுறை அமுக்கினான், பிறகு இன்னொரு முறை. மூன்று நிமிடம் போயிருக்கும். அந்த மூன்று நிமிடமும் நான் பார்த்துக்கொண்டிருந்தது பதினேழு பல்லில் ஓடிக்கொண்டிருந்த செயினை. கடைசியில் பெடலை விட்டான். இரண்டு கைகளையும் ஏந்தினான், முகத்தில் தடவினான், அப்படியே முகத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டு அழுதான்.

பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னான். எழுபதினாயிரத்தையும், பதினெட்டு நிமிடங்களையும், மிச்சம் வைத்ததையும். முதல் ஆறு கிலோமீட்டர் மற்றவர்களோடு சேர்ந்து எண்பத்தெட்டில் போயிருக்கிறான். ஒரு கலிமாவும் முழுதாக வரவில்லை. அதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் இறங்கி நின்று செயினைப் பதின்மூன்றுக்கு இறக்கப் பார்த்தான். ஒன்பது நிமிடம் போயிற்று. பிறகு பதினேழிலேயே அறுபது மிதியாக, ஒவ்வொன்றையும் முழுதாகச் சொல்லி வந்தான். மணிக்கு இருபத்து மூன்று கிலோமீட்டர். முப்பத்து மூன்றாவது கிலோமீட்டரில் லொறி வந்து மறித்தபோது ஐந்நூறு மிச்சம்.

“இன்டைக்கு ஓதாம விட்டுட்டு ஓடியிருக்கலாமேடா. பின்னால ஓதியிருக்கலாமே.”

“நிய்யத்து வெச்சிட்டன் மச்சான். இந்தப் பாதையில முடிக்கிற எண்டு அவளுக்குச் சொல்லிட்டன்.”

என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “மச்சான், அந்தத் திருகாணி...”

“தெரியும்,” என்றான். “இறங்கிப் பாத்த உடனயே தெரியும். என்ட சயிக்கிள்ல வேற ஆரு கை வைக்கிற?”

நகத்தால் திருகிப் பார்த்திருக்கிறான். நான் இறுக்கின திருகாணி நகத்துக்கு அசையுமா?

“எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா. ஏன்டா சொல்லல்ல?”

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அண்டைக்குக் கடையில சொல்ல வந்தன்,” என்றான். “நீ சிரிச்சாய். எனக்குச் சிரிக்கிற பறவாயில்ல. அவட விசயத்துக்குச் சிரிச்சிருவியோ எண்டு பயமா இருந்திச்சி.”

வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னை ஏசியிருக்கிறார்கள். அடிக்கவும் வந்திருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தை தைத்த மாதிரி எதுவும் தைக்கவில்லை. நான் அந்த மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். லொறியிலிருந்து ஓர் இளம் உத்தியோகத்தர் தாளோடு வந்தார். போட்டியிலிருந்து விலகிய காரணம் எழுத வேண்டுமாம். நான் வாயைத் திறப்பதற்குள் முஸ்தாக் சொன்னான், “கியர் பழுது எண்டு எழுதுங்க தம்பி.” அவர் எழுதிக்கொண்டு போனார். பழுதாக்கியவன் பெயரை அவர் கேட்கவும் இல்லை, முஸ்தாக் சொல்லவும் இல்லை.

இப்போது அவன் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறான். முழங்கால் இன்னும் சரிவரவில்லை, இனி நீண்ட தூரம் ஓட வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். என்னோடு பேசாமல் இல்லை. மகனுடைய சைக்கிளுக்கு டியூப் மாற்ற வருவான், நின்று இரண்டு வார்த்தை கதைப்பான், போவான். கனிவாகத்தான் கதைப்பான். எனக்குத்தான் அவன் கண்ணைப் பார்க்க ஏலாது.

ஊரில் ஒரே கதை. மீன் சந்தையிலும் அதுதான், தேநீர்க் கடையிலும் அதுதான். “பாவம், முஸ்தாக். பொஞ்சாதிட யோசினையில அரைவாசியில நிண்டுட்டான்.” இரக்கப்பட்டுத்தான் சொல்கிறார்கள். எதை ஒருத்தரும் சொல்லக் கூடாது என்று ஹப்ஸா என்னிடம் கேட்டாளோ, அதையே எல்லாரும் சொல்கிறார்கள். நான் மறுத்துப் பார்த்துவிட்டேன். “அவள்ள ஒரு பிழையும் இல்ல, திருகாணியப் போட்டது நான்,” என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஹப்ஸாவின் மூத்த அண்ணனிடம் வீடு தேடிப் போய்ச் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டிச் சிரித்தார். மற்றவர்களும் சிரிக்கிறார்கள். பவிதரன் பகிடி விடுகிறான் என்கிறார்கள்.

இருபது வருடமாக நான் சொன்ன எல்லாவற்றுக்கும் சிரித்துப் பழகிய ஊர். இதை மட்டும் எப்படி நம்பும்? வாயால் சொல்லி முடியாமல் போனதால் எழுதி வைக்கிறேன். ஹப்ஸா, முஸ்தாக்கை நிறுத்தியது நீ இல்லை. நான்தான்.